ஒன்பது படியிலிருந்து மூன்று படிக்கு: ஃபிளாட்டில் மாமியாரின் கொலு

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. மூட்டு வலி காரணமாக இந்த வருடம் கொலுவை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். ஊரில் ஒன்பது படி வைத்துப் பழகியவர். நாங்கள் இருப்பது பள்ளிக்கரணையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய பொம்மைகள் வந்திருக்கின்றன. நான் வேலைக்குப் போகிறவள். படியைக் குறைக்கலாமா? பழைய பொம்மைகளை எப்படிச் சுத்தம் செய்வது? வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: குறைக்கலாம். படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். மூன்றும் ஒற்றைப்படைதான். ‘கூட்டலாம், குறைக்கக் கூடாது’ என்று சில வீடுகளில் சொல்வார்கள். உங்கள் மாமியாரும் அந்தக் கட்சி என்றால், முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் செய்தால் ஒன்பது நாளும் வீட்டில் முகம் சரியாக இருக்காது. ஏழிலிருந்து மூன்றுக்கு இறங்கிய வருடம் நானும் பயந்து பயந்துதான் கேட்டேன். “படி குறைஞ்சா குறையட்டும், சுண்டல் குறையக் கூடாது” என்றார் என் மாமியார். இத்தனை வருடமாக நான் கொலு வைப்பது அந்தக் கணக்கில்தான்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் அளக்கிற டேப்பைக் கையில் எடுங்கள். ஒரு படிக்குப் பத்து அங்குல ஆழமாவது வேண்டும். ஐந்து படி என்றால் சுவரிலிருந்து நாலடிக்கு மேல் ஹாலுக்குள் வந்துவிடும். மூன்று படி இரண்டரை அடியில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் கோலத்துக்கும் விளக்குக்கும் இரண்டடி, நாலு பேர் பாய் விரித்து உட்கார இடம். இந்த உட்காருகிற இடத்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வந்தவர்கள் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தால் அது கொலு இல்லை, கண்காட்சி.

படிக்கு மடக்கி வைக்கிற ஸ்டீல் ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள். டிரங்குப் பெட்டி, புத்தகக் கட்டு, ஸ்டூல் எல்லாவற்றையும் அடுக்கி மேலே வேட்டி போர்த்துவது நம் வீடுகளின் பழைய வித்தை. நானும் செய்திருக்கிறேன். ஒரு வருடம் மூன்றாம் நாள் சாயங்காலம் புத்தகக் கட்டு ஒன்று மெதுவாகச் சரிந்தது. குழலூதும் கிருஷ்ணர் குழலோடு சேர்த்து இரண்டு விரலையும் இழந்தார். இன்றைக்கும் அவரைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பித்தான் வைக்கிறேன்.

இனி பெட்டி. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். மகாளய அமாவாசைக்குப் பத்து நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, மகளையோ மகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும்: எந்த வருடம் வாங்கியது, யார் கொடுத்தது, எந்தக் குழந்தை மூக்கை உடைத்தது. அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பொம்மையைக் கடையில் வாங்கலாம், இதை வாங்க முடியாது.

பொம்மை எதனால் ஆனது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கையில் எடுத்தாலே தெரியும். கனமாக, அடியில் செம்மண் நிறம் தெரிந்தால் மண் பொம்மை. உருவத்துக்குப் பொருந்தாமல் லேசாக இருந்தால் காகிதக்கூழ். கனமும் இருந்து, உடைந்த இடம் சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மூன்றுக்கும் ஈரத்துணி ஆகாது. பழைய மண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் தண்ணீரில் கரைகிற வர்ணம்தான் பூசியிருப்பார்கள். துடைத்தால் அம்பாளின் கண் உங்கள் துணியில் வந்துவிடும். மெல்லிய பெயின்ட் பிரஷால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டினால் போதும். மடிப்புகளுக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி.

உடைந்ததை ஒட்ட ஃபெவிகால் போதும். காகிதக்கூழ் பொம்மையில் பள்ளம் விழுந்திருந்தால், செய்தித்தாளை ஊறவைத்துப் பிழிந்து, ஃபெவிகாலோடு பிசைந்து அடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வர்ணம் அடிக்கும்போது உடைந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முழுக்கப் புது வர்ணம் அடித்துப் பளபளவென்று ஆக்கினால் அந்தப் பழைய முகம் போய்விடும். முகத்தில் மட்டும் கை வைக்கவே வைக்காதீர்கள். கண் எழுதுவது கைதேர்ந்தவர் வேலை. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு சீசனில் பொம்மைக்கடை போடுபவர்களிடம் விசாரித்தால் யாராவது வழி சொல்வார்கள்.

மூன்று படியில் இருபது பொம்மை தாராளமாக நிற்கும். இரண்டு பெட்டியும் இருபதில் அடங்காதே என்றால், அடங்க வேண்டியதில்லை. சுழற்சியில் வையுங்கள்: இந்த வருடம் தசாவதார செட், அடுத்த வருடம் கல்யாண செட். வருடா வருடம் தவறாமல் வர வேண்டியவை கலசமும் மரப்பாச்சி ஜோடியும், மாமியார் தன் கல்யாணத்தின்போது கொண்டுவந்தது ஏதாவது இருந்தால் அதுவும். மேல் படியில் கலசமும் தெய்வங்களும், நடுவில் மகான்களும் கல்யாண ஊர்வலமும், கீழே மனிதர்கள், மளிகைக்கடை போட்ட செட்டியார் தம்பதி. அவர்கள் முன்னால் குட்டிக் கிண்ணங்களில் அரிசியும் பருப்பும் நிரப்புகிற வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். பூங்காவும் அவர்கள் பொறுப்புதான். ஒரு தட்டில் மண் பரப்பி, கடுகும் வெந்தயமும் தூவித் தண்ணீர் தெளித்தால் நாலைந்து நாளில் பச்சை கட்டிவிடும். அமாவாசைக்கு மூன்று நாள் முன்பே தூவிவிடுங்கள்.

அலங்காரத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. கலர் கலராக மினுக்குகிற சீரியல் செட். பொம்மையின் முகத்தைப் பார்க்கவே விடாது. படிக்கு வெள்ளை வேட்டி, மஞ்சள் ஒளியில் இரண்டு சின்ன எல்.இ.டி., முன்னால் குத்துவிளக்கு, செம்மண் இட்ட கோலம். இதைவிட அழகு வேண்டுமென்றால் மரப்பாச்சிக்குப் பழைய பட்டுப்புடவையின் கிழிந்த முந்தானையில் துணி தைத்துப் போடுங்கள்.

இப்போது விருந்தாளிகள். ஒன்பது நாளும் கதவைத் திறந்துவைக்க உங்களால் முடியாது. முயற்சி பண்ணினால் ஐந்தாம் நாளே அலுத்துவிடும். வார நாட்களில் விளக்கேற்றி, ஒரு கிண்ணம் நைவேத்தியம், பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் வெற்றிலை பாக்கு. சனி, ஞாயிறு இரண்டு மாலை மட்டும் ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை எல்லாரையும் அழையுங்கள். அலுவலகத் தோழிகளுக்கு வாட்ஸ்அப் போதும். ஆனால் உங்கள் தளத்தில் இருக்கும் வீடுகளுக்குக் குங்குமச் சிமிழோடு நேரில் போய்விடுங்கள். நம் பக்கம் அதுதான் அழைப்பு. சுமங்கலிகளைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. நான் அதை விட்டு வெகு காலமாகிறது. கணவரை இழந்த எதிர்வீட்டு மாமிக்குத்தான் எங்கள் கொலுவில் முதல் தாம்பூலம்.

முப்பது பேருக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை சரியாக இருக்கும். ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், ஆளுக்கு ஒரு சின்னத் தொன்னை. வெள்ளிக்கிழமை இரவே ஊறப்போடுங்கள், பத்து மணி நேரம் வேண்டும். வார நாளில் அவசரத்துக்குப் பாசிப்பயறும் கடலைப்பருப்பும் கைகொடுக்கும். பருப்புக்கு ஒரு மணி நேரம் ஊறினால் போதும். இரண்டையும் குக்கரில் போடாமல் திறந்த பாத்திரத்தில் வேகவிடுங்கள், இல்லாவிட்டால் குழைந்து போகும். தேங்காயை மொத்தமாகக் கலக்காமல், பரிமாறுகிறபோது பாதி பாதியாகச் சேர்த்தால் எட்டு மணிக்கு வருபவர்களுக்கும் ஊசாது. நைவேத்தியத்துக்கு முன் ருசி பார்க்க முடியாது என்பதால் உப்பைக் கண்ணால் போடாமல் அளந்து போடுங்கள். 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் கடலைக்குத் தலைதட்டி ஒரு டீஸ்பூன்.

தாம்பூலப் பையில் என்ன வைப்பது என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், ஒரு முழம் பூ. ரவிக்கைத்துணி வேண்டவே வேண்டாம். நான் கொடுத்த ஒரு கிளிப்பச்சைத் துணி நாலு வீடு சுற்றி, இரண்டு வருடம் கழித்து என்னிடமே வந்து சேர்ந்தது. குட்டிப் பெண்களுக்கு ரிப்பனும் பொட்டும் கொடுங்கள். கூட வரும் பையன்களை வெறுங்கையோடு அனுப்பாமல் ஒரு பென்சில்.

அப்புறம், வந்தவர்களைப் பாடச் சொல்லுங்கள். இரண்டு தரம் மறுப்பார்கள், மூன்றாம் தரம் பாடுவார்கள். குழந்தை ரைம்ஸ் சொன்னாலும் சரி. மாமியாரின் நாற்காலி படிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். குங்குமம் கொடுப்பது அவர் கையால் நடக்கட்டும். எழுந்து ஓடுகிற வேலை உங்களுடையது.

விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையைப் படுக்கவைத்த பிறகு, மறுநாள் பெட்டி கட்டும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள். ஈரம் பட்டால் மை பொம்மையில் ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றி, உள்ளே காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு, கனமானவை அடியில், காகிதக்கூழ் மேலே. எந்தப் பெட்டியில் எது என்று ஒரு சீட்டு எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். லாஃப்டில் ஏற்றும்போது கலசச் சொம்பும் மரப்பாச்சியும் இருக்கிற பெட்டி முன்னால் இருக்கட்டும். அடுத்த வருடம் முதலில் தேடப்போவது அதைத்தான்.