ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்: கல்லூரிச் சேர்க்கை கேள்வி பதில்

வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். குமரி மாவட்டத் தனியார் கலைக் கல்லூரிகளைப் பற்றிக் கேளுங்கள். பொறியியலும் மருத்துவமும் வேண்டாம்.

அருமனை வாசகர்: ஒரே கல்லூரி, ஒரே பி.காம்., கட்டணம் மட்டும் ஏன் இரண்டு?

ஒன்று அரசு உதவி பெறும் பிரிவு. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. மற்றது சுயநிதி, சம்பளம் உங்கள் பணத்திலிருந்து போகிறது. பட்டம் இரண்டுக்கும் ஒன்றே. உதவி பெறும் பிரிவுக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

சுயநிதிதான் கிடைத்தது என்றால், தவணை உண்டா என்று கேளுங்கள். இங்கே பல குடும்பங்கள் நம்பியிருப்பது ரப்பரை. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய அதன் விலை, 2016 தொடக்கத்தில் 100க்குக் கீழே இறங்கியது. அந்த ஜூனில் ஒரு தகப்பனார் அலுவலகச் சன்னலருகே நனைந்த குடையுடன் நின்றார். மழையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுவிடும். கட்டணம் கேட்பதும் அதே மாதம். சுவரில் ‘சேவை’ என்று எழுதியிருந்தது. எழுத்தர் கெடு தேதியைக் காட்டினார். கல்லூரியின் விழுமியத்தை அந்தச் சன்னலில்தான் பார்க்க வேண்டும். சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

குளச்சல்: கப்பல் படிப்பு?

என் துறையல்ல. கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தக்கலை: புதிதாகத் தொடங்கிய பி.சி.ஏ.வில் சேரலாமா?

2024-25 முதல் பி.சி.ஏ., பி.பி.ஏ.வுக்கும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி வேண்டும். கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாடம் எடுப்பது யார் என்றும் கேளுங்கள். பழைய கணினித் துறைக்குப் பெயர்ப்பலகை மட்டும் மாற்றினால் அது புதிய படிப்பாகாது. ஒரிஜினல், நினைவிருக்கட்டும்.

மார்த்தாண்டம்: பத்துப் பேர் சேரும் வரலாற்றுத் துறையை மூடிவிட்டு டேட்டா சயன்ஸ் தொடங்குவதில் என்ன தவறு? கல்லூரி பிழைக்க வேண்டாமா?

தொடங்கட்டும். மூடுவது எதற்கு? இப்படித் தலை எண்ணியிருந்தால் மிஷனரி ரிங்கல்தௌபே 1809இல் மயிலாடியில் பள்ளியே திறந்திருக்க மாட்டார். அந்தப் பள்ளியின் வழியில் வந்ததுதான் 1893இல் கல்லூரியான நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி.

மீண்டும் மார்த்தாண்டம்: மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது, பேசுகிறீர்கள்.

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. என்னிடம் படித்தவர் ஒருவர் சுயநிதிப் பிரிவில் பாடம் நடத்துகிறார். மே மாதம் சம்பளம் கிடையாது. கல்லூரி பிழைப்பது அவர் வயிற்றில் என்றால், பிழைப்பது யார்? புதிய கட்டடத்துக்குக் கிடைத்த பணம் அவருக்குக் கிடைக்கவில்லை.

திருவட்டாறு, கருங்கல், இரணியல், மறுபடியும் கருங்கல்: கல்லூரி மாணவர்களுக்கு அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் யாருக்கு?

நான்காவது முறை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு. பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

கொல்லங்கோடு: நன்கொடைக்கு ரசீது தர மறுக்கிறார்களே?

ரசீது தந்தாலும் குற்றம்தான். நன்கொடை வசூலைத் தடை செய்யும் 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது.

குலசேகரம்: மகனின் ஒரிஜினல் சான்றிதழ்களை நேற்றுக் கொடுத்துவிட்டோம் சார்.

மேலே எழுதியதை யாருமே படிப்பதில்லை. ஒரிஜினலைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இலேயே சொல்லிவிட்டது. நாளைக் காலை போய்க் கேட்டு வாங்குங்கள். பையனை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள்.