சி ஓரளவு தெரியும். லினக்ஸ் கெர்னல் மாட்யூல் எழுத நேராக ரஸ்டுக்குப் போகலாமா?

கேள்வி கேட்டவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு மாணவர். படிப்பு முடிந்து தேசிய சேவைக்குப் போகும்வரை சில மாதங்கள் கையில் இருக்கின்றன, அதற்குள் ஒரு கெர்னல் மாட்யூலாவது எழுதிவிட வேண்டும், சி-யிலேயே பழகுவதா, ரஸ்டில் தொடங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். கெர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி, மாட்யூல் அதற்குள் ஏற்றும் ஒரு துண்டு நிரல், ரஸ்ட் நினைவகப் பிழைகளை கம்பைலரே தடுக்க முயலும் நிரல்மொழி.

நான் சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக டிவைஸ் டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல், எழுதும் வேலையில் இருக்கிறேன். எழுதியதில் பெரும்பகுதி சி. என் பதில் இதுதான்: ரஸ்டில் எழுதுங்கள், சி-யை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் குளிர்கிடங்கு அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனம், குளிர்கிடங்குகளில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தது. பெட்டிக்குள் லினக்ஸ் ஓடும். யூஎஸ்பி கம்பி வழியாக ஒரு சென்சார் இணைந்திருக்கும். அரை நொடிக்கு ஒருமுறை சென்சாரைப் படிக்கும் வேலையை கெர்னலின் ஒர்க்கியூவில், அதாவது பின்னணியில் ஓடும் வேலைகளின் வரிசையில், போட்டிருந்தேன். ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கிலிருந்து புகார் வந்தது: வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பெட்டி செத்துப்போய் நிற்கிறது. பதிவைப் பார்த்தால் ஃபைல் சிஸ்டம் குறியீட்டில் விழுந்திருந்தது. மெமரி கார்டை மாற்றினோம், மின்வழங்கியை மாற்றினோம், ஒன்றும் சரியாகவில்லை. வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே மைனஸ் 18 டிகிரி. கிடங்குக்காரர்கள் கொடுத்த கனத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு விரல் விறைக்க மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். இப்படியே பத்தொன்பது நாள் போனது.

வழி காட்டியவர் அங்கே பெட்டி அடுக்கும் ஓர் அண்ணன், புதுக்கோட்டைக்காரர். "தம்பி, தள்ளுவண்டி போறப்ப அந்த ஒயரு இழுபட்டுக் கழண்டுரும். நாங்கதான் திரும்பச் சொருகி விடுவோம்" என்றார். அன்று மாலையே அலுவலகத்தில் கேசான் போட்டுக் கட்டிய கெர்னலை ஏற்றி, கம்பியை நூறு தடவைக்கு மேல் பிடுங்கிச் சொருகினேன். கேசான் என்பது நினைவகத்தை யார் எப்போது விடுவித்தார்கள், அதற்குப் பிறகு யார் தொட்டார்கள் என்று கண்காணிக்கும் கெர்னல் கருவி. அது பிடித்துக் கொடுத்தது. கம்பி கழன்றதும் என் குறியீடு கேன்சல்_டிலேய்ட்_ஒர்க் என்ற ஃபங்க்ஷனை அழைத்துவிட்டு, உடனே கேஃப்ரீ மூலம் நினைவகத்தை விடுவித்தது. அந்த ஃபங்க்ஷன் இனிமேல் ஓட வேண்டிய வேலையை மட்டும்தான் ரத்து செய்யும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும்வரை காத்திருக்காது. காத்திருக்க வேண்டுமென்றால் பெயரின் கடைசியில் சிங்க் என்று முடியும் இன்னொரு ஃபங்க்ஷன் இருக்கிறது. நான் அதை அழைத்திருக்க வேண்டும்.

ஆக, சென்சாரைப் படிக்கும் வேலை பாதியில் இருக்கும்போது அதன் காலடியிலிருந்த நினைவகம் போய்விட்டது. போன இடத்தை கெர்னல் ஃபைல் சிஸ்டத்துக்குக் கொடுத்திருக்கிறது. என் டிரைவர் தன்னுடைய இடம் என்று நினைத்து அங்கே வெப்பநிலையை எழுதியது, ஃபைல் சிஸ்டம் விழுந்தது. சாதாரண நிரலில் இப்படி நடந்தால் அந்த நிரல் மட்டும் சாகும். கெர்னலுக்குள் எல்லா மாட்யூலும் ஒரே நினைவக வெளியில் வாழ்கின்றன, நடுவில் சுவர் கிடையாது. அதனால் தப்பு செய்தவன் ஓரிடம், விழுவது வேறோர் இடம். பத்தொன்பது நாள் நான் ஃபைல் சிஸ்டத்தைத் தோண்டியது அதனால்தான்.

இரண்டு ஃபங்க்ஷன்களுக்குமான வித்தியாசம் கெர்னல் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்தும் இருக்கிறேன். ஆனால் எழுதும் நேரத்தில் கம்பைலர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு இந்த விதி தெரியவே தெரியாது.

பிறகு ஒரு நீண்ட விடுமுறையில் அதே தர்க்கத்தை ரஸ்டில் எழுதிப் பார்த்தேன். யூஎஸ்பி பகுதியை விட்டுவிட்டு, ஒரு போலிச் சாதனத்தை வைத்துக்கொண்டு, ஒர்க்கியூ வேலையை மட்டும் எழுதினேன். கெர்னலின் ரஸ்ட் பக்கத்தில் ஒரு வேலையை ஒர்க்கியூவில் போட வேண்டுமானால் அந்தத் தரவை ஆர்க் என்ற எண்ணிக்கைப் பாயின்டராகக் கொடுக்கலாம். தரவை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அது கணக்கு வைக்கும். வேலை ஓடும்வரை வேலையின் கையிலும் ஒரு பிடி இருக்கும். சாதனம் கழன்று என் பக்கப் பிடி போனாலும், கடைசிப் பிடி விடும்வரை நினைவகம் போகாது. நான் செய்த பிழையைச் செய்ய அங்கே சாதாரண வழியே இல்லை. வேண்டுமென்றே பிடி எண்ணாத வெறும் ரெஃபரன்ஸைக் கொடுத்துப் பார்த்தேன். கம்பைல் ஆகவில்லை.

சரி, நினைவகம் தப்பித்தது. சாதனமே போய்விட்டதே, அதன் ரெஜிஸ்டரை, அதாவது சாதனத்துக்குள் இருக்கும் சிறு பதிவிடத்தை, யாராவது தொட்டால்? அதற்கு ரிவோகபிள் என்ற வகை இருக்கிறது. சாதனம் கழன்றதும் அனுமதி திரும்பப் பெறப்படும். அதற்குப் பிறகு யாராவது அணுகினால் 'எதுவுமில்லை' என்று பதில் வரும், அந்தப் பதிலுக்கு என்ன செய்யப்போகிறாய் என்று எழுதாமல் கம்பைலர் விடாது.

லாக் விஷயமும், அதாவது ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் பூட்டும் முறையும், எனக்கு மிகவும் பிடித்தது. சி டிரைவர்களில் ஸ்ட்ரக்ட் ஒன்றில் லாக் ஒரு புறம், தரவு ஒரு புறம் இருக்கும். "இதைத் தொடும் முன் லாக்கைப் பிடி" என்று ஒரு கமென்ட் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டால் அந்த விதியும் அவரோடு போய்விடும். இங்கே எத்தனை பேர் ஒப்பந்தம் முடிந்து போகிறார்கள், வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ரஸ்டில் தரவு மியூடெக்ஸ் என்ற லாக்குக்கு உள்ளேயே இருக்கிறது. லாக்கைப் பிடித்தால்தான் தரவு கண்ணில் படும். பிடியைக் குறிக்கும் கார்ட் (guard) என்ற பொருள் அந்தப் பிளாக் முடிந்ததும் தானாகவே லாக்கை விட்டுவிடும், பிழை வந்து பாதியில் திரும்பினாலும் விட்டுவிடும். சி-யில் பிழைப் பாதைக்காக நாம் அடுக்கும் goto வரிசைகள் பெருமளவு தேவைப்படாமல் போகின்றன. மூத்தவர் ஒருவரின் தலைக்குள் இருந்த விதி டைப்பாகக் குறியீட்டில் உட்கார்ந்துவிட்டது. நாளைக்கு உங்களைப் போன்ற ஒருவர் வந்து அதைப் பயமில்லாமல் மாற்றலாம். எனக்கு இது நாகரிகமான விஷயமாகத் தெரிகிறது.

என் ஒருவனுடைய கதை என்று நினைக்க வேண்டாம். தங்கள் தயாரிப்புகளில் ஒவ்வோர் ஆண்டும் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. ஆண்ட்ராய்டில் அந்தப் பங்கு 2019இல் 76 விழுக்காடாக இருந்து 2024இல் 24 ஆகக் குறைந்தது. புதிய குறியீட்டை நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதத் தொடங்கியதே முக்கியக் காரணம் என்கிறது கூகுள். பழையதையெல்லாம் அழித்துத் திருப்பி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது ரஸ்ட் காப்பாற்றாத இடங்களைச் சொல்ல வேண்டும். இரண்டு லாக்குகளை வெவ்வேறு வரிசையில் பிடித்தால் ரஸ்டிலும் டெட்லாக்தான், இரு பக்கமும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும். தவறான ரெஜிஸ்டரில் சரியான எண்ணை எழுதினால் கம்பைலருக்கு என்ன தெரியும்? டிஎம்ஏ மூலம் வன்பொருளே நேராக நினைவகத்தில் எழுதும்போது கம்பைலர் அதைப் பார்க்கவே முடியாது. அப்புறம், அடியில் சி கெர்னலோடு பேசும் இடமெல்லாம் கம்பைலர் முழுதாகச் சரிபார்க்க முடியாத அன்சேஃப் பிளாக்குகள். ஒவ்வொன்றின் மேலும், இது ஏன் சரி என்று சேஃப்டி கமென்ட் எழுத வேண்டும் என்பது கெர்னலில் விதி. 2025 டிசம்பரில் கெர்னலின் ரஸ்ட் குறியீட்டுக்கு முதல் சிவிஇ எண், அதாவது பாதுகாப்பு ஓட்டைக்கான பொது அடையாள எண், விழுந்தது. ஆண்ட்ராய்டில் நிரல்களுக்கிடையே தகவல் கடத்தும் பைண்டர் டிரைவரின் ரஸ்ட் வடிவத்தில், லிங்க்டு லிஸ்டிலிருந்து ஓர் உறுப்பை நீக்கும் அன்சேஃப் வரி அது. இரண்டு திரெட்கள் ஒரே நேரத்தில் அந்த உறுப்பின் பாயின்டர்களைத் தொட வழி இருந்தது. ரஸ்டும் இப்படித்தானே என்று சிலர் கை கொட்டினார்கள். நான் அதில் பார்த்தது வேறு: தேட வேண்டிய இடம் அன்சேஃப் என்று குறி போட்ட இடமாகவே இருந்தது. என் குளிர்கிடங்குப் பிழைக்கு அப்படி ஒரு குறி இருந்திருந்தால் பத்தொன்பது நாள் ஆகியிருக்காது.

கெர்னலில் ரஸ்டின் நிலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மிகேல் ஒஹேடா தலைமையிலான முயற்சி, 2022 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.1இல் உள்ளே வந்தது. அப்போது அது வெறும் அடித்தளம்தான். 6.13இல் மிஸ்க் டிவைஸ் என்ற எளிய பொதுவகைச் சாதனம், 6.14இல் பிசிஐ, பிளாட்ஃபார்ம் டிரைவர்களுக்கான ரஸ்ட் பகுதிகள் வந்தன. 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய பராமரிப்பாளர்கள், ரஸ்ட் இனி சோதனை முயற்சி இல்லை என்று ஒருமித்தார்கள். இடையில் கசப்புகளும் இருந்தன. இரண்டு மொழி இருந்தால் சி பக்கம் ஓர் இன்டர்ஃபேஸ் மாறும்போது ரஸ்ட் பக்கத்தை யார் சரிசெய்வது என்று மூத்த பராமரிப்பாளர்கள் சிலர் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி, மூத்தவர்களின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பல ஆண்டுகள் ஒரு குறியீட்டைத் தாங்கிப் பிடிப்பவர்களின் கவலை அது. விரும்பாத பராமரிப்பாளர் ரஸ்ட் குறியீட்டைத் தொட வேண்டியதில்லை, ஆனால் தன் இன்டர்ஃபேஸை ரஸ்ட் டிரைவர்கள் பயன்படுத்துவதைத் தடுக்கவும் முடியாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2025 பிப்ரவரியில் முடிவாகச் சொன்னார்.

உங்கள் சில மாதங்களுக்கு வருவோம். முதலில் எந்தச் சாதனத்துக்கு எழுத ஆசையோ, அதற்கான பகுதி கெர்னல் மூலத்தின் ரஸ்ட் அடைவில் இருக்கும் கெர்னல் என்ற உள்ளடைவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இணைப்புப் பகுதியையே நீங்கள் எழுத வேண்டியிருக்கும். அது தொடக்கத்துக்கு ஏற்ற வேலை இல்லை. மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் புது சென்சார் வாங்கிவந்து அதற்கு எழுதலாம் என்ற ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மிஸ்க் டிவைஸில் தொடங்குங்கள். அதற்கு வன்பொருளே தேவையில்லை.

கட்டுவதற்கு சி கம்பைலரான கிளாங், ரஸ்ட் கம்பைலர், சி அறிவிப்புகளை ரஸ்டுக்கு மாற்றித் தரும் பைண்ட்ஜென் மூன்றும் வேண்டும். கெர்னலின் மேக் கட்டளையில் ரஸ்ட்அவைலபிள் என்ற இலக்கைக் கொடுத்தால் எது குறைகிறது என்று அதுவே சொல்லும். ஓட்டிப் பார்க்க கியூஈஎம்யூ என்ற மெய்நிகர் கணினி போதும். உங்கள் ஒரே மடிக்கணினியின் கெர்னலில் மட்டும் வேண்டாம். சாம்பிள்ஸ் அடைவில் இருக்கும் ரஸ்ட்_மினிமல் சின்ன மாட்யூல், ஒரே மாலையில் புரிந்துவிடும். அதில் ஒரு பட்டியலில் எண்களைச் சேர்க்கும் வரியில் நின்று கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் நினைவகம் எப்படி வேண்டும் என்று ஜிஎஃப்பி கொடியைக் கொடுக்க வேண்டியிருக்கும், கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்றும் எழுத வேண்டியிருக்கும். நீங்கள் இணையத்தில் கற்கும் சாதாரண ரஸ்டில் இது கிடையாது, ஏனென்றால் கெர்னலுக்குள் ஸ்டாண்டர்ட் லைப்ரரி இல்லை. அதேபோல ஸ்டாக்கும், அதாவது ஃபங்க்ஷன்கள் பயன்படுத்தும் தற்காலிக நினைவகமும், சிறியது, 64 பிட் எக்ஸ்86இல் 16 கிலோபைட். பெரிய ஸ்ட்ரக்டை ஸ்டாக்கில் கட்டி நகர்த்த முடியாது, இருக்கும் இடத்திலேயே கட்ட பின்-இனிட் என்ற முறை இருக்கிறது. முதலில் குழப்பும். ஒரு வாரம் கொடுங்கள்.

சி-யை வாசிக்கக் கற்கச் சொன்னது எதற்கென்றால், ஆவணங்கள், பழைய டிரைவர்கள், வன்பொருள் நிறுவனங்கள் தரும் மாதிரிகள் எல்லாமே சி-யில்தான் இருக்கின்றன. இங்கே வேலைக்கு எடுப்பவர்களும் இன்னும் சி-யில்தான் கேள்வி கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பழக எனக்குத் தெரிந்த சிறந்த இடம் ஆசிக்ஸ் நிறுவனச் சில்லுக்கான ஈதர்நெட் பிஎச்ஒய் (நெட்வொர்க் கம்பியோடு நேராகப் பேசும் பகுதி) டிரைவர். ஏஎக்ஸ்88796பி என்ற பெயரில், நெட்வொர்க் டிரைவர்களின் பிஎச்ஒய் அடைவில், ஒரே டிரைவர் சி-யில் ஒன்றும் ரஸ்டில் ஒன்றுமாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது. ரஸ்ட் வடிவம் 6.8இல் வந்தது. இரண்டிலும் சாஃப்ட் ரீசெட் ஃபங்க்ஷனைத் திறந்து வையுங்கள். சி-யில் ரெஜிஸ்டரில் பூஜ்யத்தை எழுதுகிறார்கள், வந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே என்றால் திரும்புகிறார்கள், இல்லையென்றால் பொது ரீசெட்டை அழைக்கிறார்கள். ரஸ்டில் அந்த 'கீழே என்றால்' வரிக்குப் பதில் ஒரு கேள்விக்குறி மட்டும் நிற்கும். அதை எடுத்துவிட்டு கம்பைல் செய்து, கம்பைலர் என்ன சொல்கிறது என்று படியுங்கள்.