கழித்த இடத்தில் கருப்புப் பள்ளம் ஏன்?

கேள்வி: எம்87 கேலக்ஸியைப் படமெடுத்து, பைத்தான் மொழியின் ஃபோட்யூட்டில்ஸ் என்ற வானியல் மென்பொருளில் அதன் ஒளிக்கு நீள்வட்ட மாதிரி போட்டு, படத்திலிருந்து கழித்தேன். ஜெட் (மையத்திலிருந்து பீறிடும் தாரை) தெரிகிறது, ஆனால் மங்கல். அதன் ஓரங்களில் கருப்புப் பள்ளம், நடுவில் வளையங்கள். எங்கே தப்பு?

பதில்: ஜெட்டின் ஒளியும் உங்கள் மாதிரிக்குள் புகுந்துவிட்டது, அந்தப் பள்ளமே அதற்குச் சாட்சி. ஒவ்வொரு நீள்வட்டமும் தன் சுற்றிலுள்ள பிக்சல்களின் சராசரியை எடுக்கிறது. ஜெட் குறுக்கிடும் இடத்தில் சராசரி ஏறும், நீள்வட்டமும் அந்தப் பக்கம் இழுபடும். ஏறிய அளவு சுற்று முழுக்கக் கழிந்துபோகும்.

ஒரே ஓட்டத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் ஓட்டத்தின் எச்சப் படத்தை (கழித்தபின் மிஞ்சுவதை) வைத்து ஜெட்டுக்கு மாஸ்க் (கணக்கில் சேராதபடி மறைக்கும் பகுதி) வரையுங்கள்: மையத்திலிருந்து வடமேற்கே சுமார் 20 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு). பிக்சலுக்கு 1 விகலை என்றால் வெறும் 20 பிக்சல்தான். முன்னே நிற்கும் விண்மீன்களையும் பளிச்சென்ற கோளக் கொத்துகளையும் சேர்த்து மறையுங்கள். பிறகு இரண்டாம் ஓட்டம். மாஸ்க் அளவு மீறக்கூடாது. ஒரு சுற்றில் 70 சதவீதப் பிக்சலாவது மிஞ்சாவிட்டால், இயல்பு அமைப்பில் அந்தச் சுற்றின் பொருத்தல் பாதியில் நின்றுவிடும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெட்டும் வரம்பைச் சொல்லும் ‘எஸ்கிளிப்’ அமைப்பு 3 என்று இருப்பதைப் பார்த்து, விலகிய பிக்சல்கள் தானாகவே வெட்டுப்படும் என்று நம்பிவிடுகிறோம். எத்தனை முறை வெட்டுவது என்பதைச் சொல்லும் ‘என்கிளிப்’ இயல்பாகவே 0! அதை 2 அல்லது 3 ஆக்குங்கள். நீள்வட்டத்தின் சாய்வுக் கோணத்தை ரேடியனில் கொடுங்கள். 40 என்று பாகையில் கொடுத்தால் பிழைச்செய்தி வராது, நீள்வட்டம் வேறு திசையில் கிடக்கும்.

நடு வளையங்களுக்கு முதலில் மையப் பிக்சல்களைச் சோதியுங்கள். ஒளி மிகுந்து உச்ச மதிப்பில் முட்டி (செறிவுற்று) தட்டையாகிவிட்டிருந்தால் எந்த மாதிரியும் பொருந்தாது. குறுகிய நேரப் பதிவுதான் வழி. ஸ்ட்ரெட்ச் செய்த (மங்கலானவை தெரிய ஒளி மதிப்புகளை மாற்றிய) படத்தில் கழிக்கவே கூடாது, மதிப்புகள் மாற்றப்படாத நேரியல் ஃபிட்ஸ் (வானியல் படக் கோப்பு வகை) கோப்புதான் வேண்டும். மையம் சுற்றுக்குச் சுற்று நகர்ந்தாலும் வளையம் வரும். முதல் ஓட்டத்தில் கிடைத்த மையங்களின் இடைநிலை மதிப்பை எடுத்து, இரண்டாவதில் நிலைநிறுத்திவிடுங்கள்.

(மென்பொருள் எதுவும் இல்லாத 1918-லேயே, லிக் வானாய்வகத்தின் ஹீபர் கர்டிஸ் இந்த ஜெட்டைப் பதிவுசெய்துவிட்டார்.)

கேள்வி: விண்மீன்களைப் பிஎஸ்எஃப் (புள்ளி ஒளி படத்தில் பரவும் வடிவம்) மாதிரியால் கழித்தால், ஒவ்வொன்றின் இடத்திலும் கருப்புப் புள்ளி, சுற்றி வெள்ளை வளையம். ஏன்?

பதில்: எல்லா விண்மீனிலும் இருந்தால், மாதிரி நிஜத்தைவிட ஒல்லி. மூலைகளில் மட்டும் என்றால், லென்ஸின் குறையால் வடிவம் இடத்துக்கு இடம் மாறுகிறது. படத்தைப் பிரித்துத் தனித்தனி மாதிரி செய்யுங்கள். பிரகாசமானவற்றில் மட்டும் என்றால் அவை செறிவுற்றவை, மாதிரி செய்யும் பட்டியலிலிருந்தே நீக்குங்கள். ஒரு பாதி கருப்பு, மறுபாதி வெள்ளை என்றால் கதை வேறு: மையம் தவறியிருக்கிறது.