அப்பாவின் எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்றார்கள். பிறகும் ஏன் சளி கேட்கிறார்கள்?

நிழல் காசநோயாலும் வரும், நியூமோனியாவாலும் வரும், புற்றுநோயாலும் வரும்; பழைய தழும்புகூட அப்படித்தான் தெரியும். எக்ஸ்ரே சந்தேகத்தைக் கிளப்பும், காசநோய்க் கிருமியைக் காட்டாது. அதற்குத்தான் சளி. அதுவும் விடியற்காலைச் சளி நல்லது. அப்பா எழும்பியதும், தேத்தண்ணிக்கு முன்னர் வாயைக் கொப்பளித்துவிட்டு, முற்றத்தில் காற்றோட்டமாக நின்று, ஆழமாக மூச்செடுத்து நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். வெறும் எச்சிலைக் கொண்டுபோனால் பலனில்லை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

நுணுக்குக்காட்டியில் கிருமி தெரிய, ஒரு மில்லிலீற்றர் சளியில் 5,000 முதல் 10,000 வரையாவது இருக்க வேண்டும். குறைவென்றால், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனை பெரும்பாலும் பிடித்துவிடும். சுமார் 2 மணித்தியாலத்தில் முடிவு, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிபாம்பிசின் வேலை செய்யுமா என்பதும் தெரியும். கிருமியை வளர்த்துப் பார்ப்பதென்றால் 8 கிழமைகூட ஆகலாம். யாழ்ப்பாணத்தில் அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள், காசு கட்டத் தேவையில்லை.