மைக்கின் இரைச்சலைத் துரத்தும் பையனை எதில் சேர்ப்பது?

அம்மா, பிளஸ் டூ முடித்த பையன் ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம் பதிவு செய்கிறான், பகலில் மைக்கின் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று அதைப் பிரித்துச் சால்டர் வைக்கிறான் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். அந்த சீட்டுக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள். அண்ணன் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

பையன் செய்வதற்குப் பெயர் ஒலி அளவீடு. எலக்ட்ரிக் காரில் இன்ஜின் சத்தம் இல்லாததால் சின்ன மோட்டாரின் முனகல்கூட உள்ளே கேட்கும். அதை அளக்க, மைக்கின் சொந்த இரைச்சல் (சுற்றிலும் அமைதியாக இருந்தாலும் மைக்கே எழுப்பும் சீறல்) அதற்கும் கீழே இருக்க வேண்டும். வழக்கமான அரை அங்குல அளவீட்டு மைக் 15 டெசிபல் பக்கம் நின்றுவிடும். புரூயல் அண்ட் கேயர் கம்பெனியின் 4955 என்ற மைக் 6.5 வரை இறங்கும். லட்சங்களில் விலை போகும் சரக்கு இது.

பையனிடம் இருப்பது எலக்ட்ரெட் கேப்ஸ்யூலாக (நிரந்தர மின்னூட்டம் ஏற்றிய சின்ன மைக் துண்டு) இருந்தால், சால்டரிங் அயர்ன் இரண்டு நொடிக்கு மேல் பட்டால் உள்ளே தேங்கிய மின்னூட்டம் போய் உணர்திறன் விழலாம். கண்டென்சர் மைக்கில் வரும் ஜிகா ஓம் ரெசிஸ்டரை வெறும் கையால் தொடக் கூடாது. விரல் ஈரமும் சால்டரோடு வரும் ஃபிளக்ஸ் பசையின் மிச்சமும் கசிவுப் பாதையாகி, மழை ராத்திரியில் பொரிகிற சத்தம் கொடுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி உலர்த்தினால் அடங்கும்.

ஒரு சோதனை சொல்லுங்கள். பின்னிரவில் மைக்கைப் பழைய பிரஷர் குக்கருக்குள் வைத்து, கம்பளியால் சுற்றி ஒரு நிமிடம் பதிவு செய்யட்டும். பிறகு, கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) மாற்றாமல், 94 டெசிபல் கேலிபரேட்டர் (அளவு தெரிந்த ஒலியைத் தரும் கருவி) ஒலியைப் பதியட்டும். ஏ-வெயிட்டிங் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ற வடிகட்டல்) போட்டுப் பார்க்கும்போது இரண்டுக்கும் 72 டெசிபல் இடைவெளி என்றால் இரைச்சல் 94-72, அதாவது 22. கேலிபரேட்டரை வாங்க வேண்டாம், கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள். மைக் இருந்த இடத்தில் 150 ஓம் ரெசிஸ்டரை மாட்டியும் சீறல் குறையாவிட்டால், குற்றம் ப்ரீஆம்பில், அதாவது மைக்கின் சின்ன சிக்னலைப் பெருக்கும் சுற்றில். பாவம், பலர் மைக்கை மாற்றி மாற்றிக் காசைக் கரைப்பது இதனால்தான்.

கவுன்சலிங்கில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷனை (அளவீட்டுக் கருவிகள் பற்றிய படிப்பு) முதலில் போடுங்கள்; குரோம்பேட்டை எம்ஐடியில் இருக்கிறது. கட் ஆஃப் எட்டாவிட்டால் அரசு பாலிடெக்னிக். பிளஸ் டூ கணிதப் பிரிவு என்றால் நேராக இரண்டாம் ஆண்டு, பிறகு பி.இ.க்கும் லேட்டரல் என்ட்ரி உண்டு. வேலை என்று பார்த்தால் ஒரகடத்து வாகன ஆராய்ச்சி மையத்திலும், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் (என்ஐஓடி) ஒலி ஆய்வகங்கள் உண்டு. பின்னதில் கேட்பது கடலுக்கடியில், மைக்குக்குப் பதில் ஹைட்ரோஃபோன், அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக்.

கவுன்சலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் பையனையும் கூட்டி வாருங்கள். குக்கர் சோதனையில் வந்த எண்ணை நோட்டில் எழுதி எடுத்துவரட்டும்.