எச்-இண்டெக்ஸ் பெரிதாக இருந்தால் நல்ல நெறியாளரா?

கேள்வி: அம்மா, என் மகள் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு பிஎச்.டி. சேரப் போகிறாள். இரண்டு பேராசிரியர்கள் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 41. ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி’ என்று கல்லூரி வாசலில் பேனர் வைத்திருக்கிறார்கள். இன்னொருவருக்கு 13தான். மகளுக்கு இரண்டாமவரிடம் மனம் போகிறது. நான் பேருந்து நடத்துநர், எனக்கு இந்தக் கணக்குப் புரியவில்லை. பெரிய எண் உள்ளவரிடம் சேர்வதுதானே நல்லது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கணக்கு எளிதுதான். ஒருவருடைய ஆய்வுக்கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். நாங்கள் பேச்சில் சைட்டேஷன் என்போம். 41 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 41 மேற்கோள் என்றிருந்தால் எச்-இண்டெக்ஸ் 41. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் கொண்டுவந்த முறை இது. இந்த எண் வருடம் போகப்போக ஏறத்தான் செய்யும். அதனால் முதலில் இருவருடைய வயதையும் பாருங்கள். 58 வயதுக்காரரின் 41-ஐ 36 வயதுக்காரரின் 13-உடன் நிறுத்துப் பார்ப்பது நியாயமில்லை.

மேற்கோள் எதைச் சொல்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். உங்கள் மகளிடம் லோரி முறை பற்றிக் கேளுங்கள், உடனே சொல்வாள். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் வழி. நானும் மாணவியாக இருந்தபோது ஃபோலின் கரைசலை ஊற்றிவிட்டு, நீல நிறம் வர அரை மணி நேரம் காத்திருந்தவள்தான். அந்த முறையைச் சொல்லி 1951-ல் வந்த கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். நல்ல, பயனுள்ள வேலை. ஆனால் டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன 1953-ஆம் ஆண்டுக் கட்டுரைகூட மேற்கோளில் அதன் பக்கத்தில் வராது. எல்லோருடைய மேசையிலும் தேவைப்படும் செய்முறைக்கு எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான கதை நம் ஊரிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எங்கே அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று காட்டும் படம். இன்று உலகில் எங்கே புரத வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்தாலும், அதைச் சரிபார்க்க ‘ராமச்சந்திரன் வரைபடம்’ போடாமல் விடமாட்டார்கள். பெயரைச் சொல்வார்கள், மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டப் பலரும் மறந்துவிடுவார்கள். பாடப்புத்தகமாகிவிட்ட அறிவுக்கு மேற்கோள் குறைந்துபோகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொங்கும்.

அப்புறம் அந்த பேனர். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அயோனிடிஸ் என்ற ஆய்வாளரின் குழு, ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தொகுப்பின் தரவை வைத்துத் தயாரிக்கும் பட்டியல் அது. யாரும் கொடுக்கும் விருது அல்ல. இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒருவர் தன்னைத்தானே மேற்கோள் காட்டியது எத்தனை சதவீதம் என்று காட்டும் ஒரு நெடுவரிசை இருக்கிறது. அவற்றைக் கழித்தால் தர வரிசை என்ன ஆகிறது என்றும் இருக்கும். மகளை அந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தன் பழைய வேலையின் தொடர்ச்சியை எழுதும்போது கொஞ்சம் வருவது இயல்பு. வரிசை தடாலென்று சரிந்தால் கவனம் தேவை.

இதைவிட முக்கியமானது, கட்டுரையில் பெயர்கள் வரும் வரிசை. எங்கள் துறையில் முதல் பெயர் ஆய்வகத்தில் நின்று வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது. நான் இரண்டு வருடம் செய்த வேலை வெளியானபோது, ஆய்வகத்துக்குள் கால் வைக்காத ஒருவர் பெயர் முதலில், என் பெயர் மூன்றாவது. முப்பது வருடம் கழித்தும் ஆறவில்லை. ஆகவே இரு பேராசிரியர்களின் கடந்த ஐந்து வருடக் கட்டுரைகளை கூகுள் ஸ்காலரில் எடுத்து, மாணவர்கள் பெயர் முதலில் நிற்கிறதா என்று பார்க்கட்டும். வேறு ஆய்வகங்களோடு சேர்ந்து எழுதியிருக்கிறார்களா, அந்தக் கூட்டு ஒரே கட்டுரையோடு முடிந்ததா, தொடர்ந்து வளர்ந்ததா என்றும் பார்க்கட்டும். பிறகு அவர்களிடம் படித்து முடித்த இருவரிடமாவது நேரில் பேசட்டும். 13 எண்ணுள்ளவரின் மாணவர்கள் முகம் மலர்ந்து பேசினால், மகளின் மனம் போன பக்கமே விடுங்கள்.

கேள்வி: ஒரே கட்டுரையில் ஆயிரக்கணக்கானோர் பெயர் வருமாமே? எல்லோருக்கும் மேற்கோள் சேருமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: சேரும். ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்து, ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இரு குழுக்கள் 2015-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் 5,154 பெயர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்கும்தான். அத்தனை பேர் இல்லாமல் துகள்களை மோதவிட்டு அளக்கும் அந்தப் பெரிய கருவி ஓடாது, பெயர் போட்டது சரியே. ஆனால் வழக்கமான கணக்கில் ஒவ்வொருவருக்கும் முழு மேற்கோளும் சேர்கிறது. மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்ட் பட்டியலில் கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரித்துக் கணக்கிட்ட எண்ணும் உண்டு. துகள் இயற்பியலாளரைப் பார்க்கும்போது அதை எடுத்துக்கொள்ளுங்கள்.