டாலி ஹேங் ஆனால் ரூட்டர் வாங்காதீர்கள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறோம். 35 கணினிகள், செக்கிங், பேக்கிங் பகுதிகளையும் சேர்த்து 16 கேமராக்கள். சில மாதங்களாக மதியத்துக்கு மேல் டாலி என்ற கணக்கு மென்பொருள் ஹேங் ஆகிறது, வைஃபை விட்டுவிட்டு வருகிறது. நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவர் பழைய ரூட்டர் தாங்காது என்கிறார். வைஃபை 7 ரூட்டர் ஒன்றும் மேனேஜ்டு ஸ்விட்ச் இரண்டும் வாங்கச் சொல்லி 1,40,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் தந்திருக்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். டாலியின் டேட்டா உங்கள் அலுவலகத்துச் சர்வரில்தான் இருக்கிறது என்றால், கணக்குப் பிரிவு மேசையிலிருந்து சர்வர் வரை போகும் பாதையில் இன்டர்நெட்டே கிடையாது. எவ்வளவு விலை கொடுத்து வைஃபை ரூட்டர் வாங்கினாலும் அந்தப் பாதை மாறப்போவதில்லை. கோளாறு சர்வரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவிலுள்ள கேபிளிலோ, கேபிள்களையெல்லாம் ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியிலோ இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பத்துப் பைசா செலவில்லை.

டாலி இழுக்கும் நேரத்தில் அந்தக் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் என்று அடித்துச் சர்வரின் ஐபி எண்ணைக் கொடுங்கள். எண்ணுக்குப் பின்னால் மைனஸ் குறியும் டி எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். கேபிள் வழியாகப் போகும்போது பதில் ஒரு மில்லிசெகண்டிலோ அதற்குள்ளோ வர வேண்டும். நடுநடுவே 'டைம்டு அவுட்' என்று வந்தால் வழியில் கோளாறு. பதில் ஒழுங்காக வந்தும் டாலி இழுத்தால் சர்வரின் ஹார்டு டிஸ்க்கையும் ரேமையும் பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கணினியிலும் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸைத் திறந்து, ஸ்பீடு 1 ஜிபிபிஎஸ் என்று இருக்கிறதா, 100 எம்பிபிஎஸ் என்று இருக்கிறதா எனக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ் ஓட நான்கு போதும், 1 ஜிபிபிஎஸ் ஓட எட்டும் வேண்டும். கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) இடத்தில் ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டால்கூட லைன் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு இருக்கும், வேகம் பத்தில் ஒன்றாகியிருக்கும், யாருக்கும் தெரியாது. மேசைக்கடியில் யாரோ எப்போதோ செருகிய பழைய 8 போர்ட் ஸ்விட்ச் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் இதே கதைதான்.

இதோடு கேமராவைச் சேர்த்துப் பாருங்கள். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று சுமார் 4 எம்பிபிஎஸ் அனுப்பும் என்று வைத்தால், 16 கேமராவுக்கு 64. அது முழுக்க 100 எம்பிபிஎஸ் லைன் ஒன்றின் வழியாகப் போனால், டாலிக்கும் பில்லுக்கும் மிச்சம் எவ்வளவு? கேமராக்களைத் தனி ஸ்விட்சில் சேர்த்து நேராக என்விஆருக்கு (வீடியோவைப் பதிவு செய்யும் பெட்டி) கொண்டுபோகச் சொல்லுங்கள். புது ரூட்டரின் விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவு.

மதியத்துக்கு மேல்தான் தொல்லை என்கிறீர்கள். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது? தகரக் கூரைக்குக் கீழே, சுவரில் மாட்டிய ரேக்குக்குள் என்றால், கதவைத் திறந்து பாருங்கள். பனியன் கம்பெனியில் பஞ்சு போகாத இடமில்லை. ஃபேனில் பஞ்சு அடைத்து, வெயிலும் சேர்ந்தால் நல்ல ஸ்விட்சும் தள்ளாடும். ரேக்கை அலுவலக அறைக்குள் மாற்றினாலே தீர்ந்துவிடலாம்.

கேபிளையும் சோதியுங்கள். ஒரு துண்டு வெட்டி, கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பாக இருந்தால் சரி. வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். 305 மீட்டர் பெட்டி மலிவாகக் கிடைப்பதற்கும், தூக்கினால் லேசாக இருப்பதற்கும் காரணம் இதுதான். கேட் 6 என்ற தரப் பெயரை மேலே அச்சடித்திருந்தாலும் தரநிலைப்படி அது கேட் 6 ஆகாது. வளைத்த இடத்தில் முறியும், கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரம் கொடுத்தால் சூடேறும். இதை விற்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. சுவருக்குள் போய்விட்ட கேபிளை மாற்ற, வாங்கிய விலையைப் போல் பல மடங்கு கூலி ஆகும். கொட்டேஷனில் "முழுச் செம்பு" என்று எழுதி வாங்குங்கள். 100 மீட்டருக்கு மேல் போக வேண்டிய இடத்துக்கும், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கும் ஃபைபர்தான் போட வேண்டும். ஃபைபர் வழியாக இடி, மின்னல் ஏறாது.

அவர் சொன்னதில் ஒன்று சரி. மேனேஜ்டு ஸ்விட்ச், அதாவது செட்டிங் மாற்றிக் கட்டுப்படுத்தக்கூடிய ஸ்விட்ச், ஒன்றாவது உங்களுக்கு வேண்டும். ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் யாராவது தெரியாமல் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கே படுத்துவிடும். இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை ராடியா பெர்ல்மன் என்ற பொறியாளர் 1985-இல் உருவாக்கினார். இன்றும் அதுவும் அதன் புதிய வடிவங்களும்தான் ஓடுகின்றன. சாதாரண மலிவு ஸ்விட்சுகளில் அது இருக்காது. கேமரா, விருந்தினர் வைஃபை, கணக்குப் பிரிவு மூன்றையும் விலான் போட்டு, அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்காக, பிரிப்பதற்கும் மேனேஜ்டு ஸ்விட்ச்தான் உதவும்.

வைஃபைக்கு ஒரே பெரிய ரூட்டர் வேண்டாம். கூரையில் பொருத்தும் வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) இரண்டு மூன்றைப் பிரித்து வைத்தால் போதும். வைஃபை 7-க்குக் கொடுக்கும் கூடுதல் காசு, உங்கள் ஆட்களின் போனிலும் லேப்டாப்பிலும் அந்த வசதி இருந்தால்தான் பயன் தரும்.

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய மருத்துவமனை. நெட்வொர்க் பார்த்துக்கொள்பவரை மாற்ற நினைக்கிறோம். ரூட்டர், ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கும் பெட்டி) இரண்டின் பாஸ்வேர்டையும் தர மறுக்கிறார். "ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பித்தால் தருகிறேன்" என்கிறார்.

பதில்: பெட்டிகளுக்கான பில் உங்கள் பெயரில் இருந்தால் பாஸ்வேர்டும் உங்களுடையதுதான். பழைய ஏஎம்சி ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டு, ஒரு வாரக் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அதற்குள் ரீசெட் பட்டனை யாரும் அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் எல்லா செட்டிங்கும் அழிந்துவிடும், இன்டர்நெட் இணைப்புக்கான யூசர் நேமும் சேர்ந்து போகும். அதை முதலில் இணைப்பு தருபவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை போல ஓபி இல்லாத நாளில் புது ஆளை வைத்து ரீசெட் செய்யலாம்.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். இப்போது பல சாதனங்கள் கிளவுட் கணக்கில் பதிவாகின்றன. அந்தக் கணக்கு அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்தால், பெட்டி உங்கள் சுவரிலும் சாவி அவர் கையிலும் இருக்கும். சில சாதனங்களை ரீசெட் செய்தாலும் பழைய கணக்கிலிருந்து விடுவிக்காமல் வேறு கணக்கில் சேர்க்க முடியாது. பில்லை வைத்துத் தயாரிப்பாளரிடமே மாற்றித் தரக் கேட்க வேண்டியிருக்கும்.

புது ஆளிடம் வேலை கொடுக்கும்போது, பாஸ்வேர்டு எழுதிய ஒட்டிய கவர், செட்டிங் பேக்கப், எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடம், இரண்டு முனையிலும் எண் ஒட்டிய கேபிள் ஆகிய நான்கையும் வொர்க் ஆர்டரில் எழுதுங்கள். கடைசி 10 சதவீதப் பணம் இவை கைக்கு வந்த பிறகுதான் என்றும் சேர்த்துவிடுங்கள். ஒரு கேமராவிலும் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கக் கூடாது. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் பரவியது அப்படிப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத்தான். நோயாளிகளின் விவரம் இருக்கும் இடத்தில் இதில் சலுகையே கூடாது.

கேள்வி: ஃபயர்வால் வாங்கும்போது விலையைத் தவிர என்ன கேட்க வேண்டும்?

பதில்: இரண்டாம் ஆண்டு லைசென்ஸ் விலை. முதல் ஆண்டு தள்ளுபடியில் மயங்கி வாங்கிவிட்டு, புதுப்பிக்கும்போது தவிப்பவர்கள் அதிகம். மூன்றாண்டுச் செலவைக் கூட்டி இரண்டு கொட்டேஷனை ஒப்பிடுங்கள். லைசென்ஸ் முடிந்தால் பெட்டி என்ன செய்யும், பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்றும் கேளுங்கள். லாக், அதாவது நெட்வொர்க்கில் நடப்பதன் பதிவு, எத்தனை நாள் இருக்கும் என்பதும் முக்கியம். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: மயிலாடுதுறையில் நானே தனியாக ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை மையம் நடத்துகிறேன். மூன்றாண்டு வாரன்டியுடன் வாங்கிய ஸ்விட்ச் ஏழாம் மாதமே செத்துவிட்டது. கடைக்காரர் "கம்பெனியைப் பாருங்கள்" என்கிறார். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்கிறார்கள், உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்கு தருகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த விலக்குக்குள் வருகிறீர்கள். முதலில் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சீரியல் எண் போட்டுப் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணைக் கடைக்காரருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அதற்கு முன் வாரன்டி அட்டையைப் படித்துவிடுங்கள். மின்னல், மின்னழுத்த ஏற்றத்தால் போனால் பொதுவாக வாரன்டி இல்லை என்றுதான் போட்டிருப்பார்கள். மழை நாளில்தான் போனது என்றால், உங்கள் கடையின் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகே அடுத்த ஸ்விட்சைச் செருகுங்கள்.